பதினொரு சரணம்

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் என்னைப் பற்றி ஒரு கதை உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சீமையிலிருந்து பெரிய விருந்தாளி வந்த கூட்டத்தில் சாட்சி சொல்ல என்னை எழுப்பினார்களாம். நான் பயந்து நடுங்கி, பேச்சு வராமல், ஒரு கீர்த்தனையைப் பிடித்துக்கொண்டு விடாமல் பாடினேனாம். பாட்டு முடிவதற்குள் கூட்டமே முடிந்துபோயிற்றாம். சொல்கிறவர்களுக்கு என்மேல் அன்புதான். "பாவம், அக்காவுக்கு அப்பவே கூச்சம்" என்று முடிப்பார்கள். நானும் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கூடவே சிரித்துவைப்பேன்.

இனிமேல் சிரிப்பதாக இல்லை. கூச்சம் எனக்கு உண்டு, மறுக்கவில்லை. ஐம்பது வயது தாண்டியும் பஸ் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை கேட்க எனக்கு நாக்கு எழும்பாது. ஆனால் அன்றைக்கு நான் பாடியது கூச்சத்தால் அல்ல, பயத்தால் அல்லவே அல்ல. என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் தம் தேசத்துக்குப் போய் அங்கேயே அடங்கிவிட்டார். இன்னொருத்தி எழுதச் சொல்லிவிட்டாள். மூன்றாவது ஆள் நான்.

சுதந்திரம் வந்த அடுத்த வருஷம் நான் திருவனந்தபுரத்துக்கு வந்தேன். எங்கள் ஊர் குழித்துறைக்குப் பக்கம். ஏழாம் வகுப்புப் படிப்பும், மிஷன் போர்டிங்கில் கற்ற தையலும்தான் என் கையிருப்பு. வெள்ளைக்கார மிஷனரியான மிஸ்ஸியம்மாவின் கீழ் பைபிள் உமனாகச் சேர்ந்தேன். பைபிள் உமன் என்றால், வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்தோ தையலோ சொல்லிக்கொடுத்து, கடைசியில் வேதத்தில் கொஞ்சம் வாசித்து, ஒரு ஜெபம் செய்துவிட்டு வருகிறவள். ஆண் உபதேசிமார் வாசலோடு நின்றுவிடும் வீடுகளில் நாங்கள் அடுக்களை வரைக்கும் போவோம். வாய் திறக்காத என்னை எதற்கு எடுத்தீர்கள் என்று பிற்பாடு ஒரு நாள் கேட்டேன். "உன் பட்டன் துளைகளைக் கண்டேன்" என்றார் மிஸ்ஸியம்மா.

அவர் பேச்சே அப்படித்தான். நாகர்கோவிலில் ஒரு முன்ஷியிடம் இரண்டு வருஷம் தமிழ் படித்தவர். முன்ஷி அவருக்குப் பிரசங்க பீடத்துத் தமிழை மட்டும் சொல்லிக்கொடுத்துவிட்டார். தெற்கே கிராமங்களில் அது செல்லுபடியாயிற்று. பட்டணத்துக்கு மாற்றியதும், மலையாளம் ஒரு வார்த்தை தெரியாத அவர் சாலைக் கடைத்தெருவில் நின்றுகொண்டு, "அம்மணி, இந்தத் தக்காளிப் பழங்களின் விலை யாது?" என்று கேட்பார். கடைக்காரி என்னைப் பார்த்து, "இவரு எந்தா பறயுன்னே?" என்று அர்த்தம் கேட்பாள். நான் எனக்குத் தெரிந்த ஓட்டை மலையாளத்தில் சொல்வேன். அவள் அதற்கும் சிரிப்பாள். தமிழ்க்காரியைக் கேலி செய்யும் சொல்லால், பாண்டிச்சி என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரிப்பாள். நாங்கள் திருவிதாங்கூரிலேயே பிறந்து, திருவிதாங்கூருக்கே வரி கட்டியவர்கள். அந்தப் பட்டணத்துக்கு நாங்களும் பாண்டி. கூடையில் அவள் அள்ளிப் போட்ட தக்காளியில் அழுகியதை மட்டும் எடுத்து அவள் பக்கம் வரிசையாக வைப்பேன். அவள் சிரித்து முடிக்கும் வரைக்கும் வைத்துக்கொண்டே இருப்பேன்.

அப்படி அந்த ஊரில் நாங்கள் இரண்டு பேரும் அந்நியர்கள். பாளையத்துக்கு அப்பால் ஒரு பழைய மிஷன் வீட்டில் அவர் இருந்தார். பின்கட்டில் எனக்கு ஒரு அறை. சமையலுக்கு எங்கள் பக்கத்து ஆள் ஒருவர். மிஸ்ஸியம்மா நெட்டையாய் இருப்பார். வெயில் பட்டால் கழுத்து செங்கல் நிறமாகிவிடும். தொப்பி போட்டுக்கொண்டு சைக்கிளில் போவார். பின்னால் பிள்ளைகள் மணியடிப்பதுபோலக் கத்திக்கொண்டு ஓடும். மாலை நாலு மணிக்குத் தேநீர். அப்போது அவர் தம் ஊர்ப் பத்திரிகையை வாசிப்பார். அது கப்பலில் கட்டாக வரும். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் பிரித்துவிட மாட்டார். தேதி வரிசைப்படி ஒரு நாளைக்கு ஒன்றுதான். இங்கே தார் உருகும் வெயில் அடிக்கும்போது அவர் அங்கே பனி பெய்ததை வாசித்துக்கொண்டிருப்பார். அவருடைய அம்மா செத்துப்போன தந்தி வந்த அன்றைக்கும், தந்தியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, போகவேண்டிய வீடுகளுக்குப் போய்விட்டுத்தான் திரும்பினார். அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேலாக, தம் அம்மா உயிரோடிருந்த நாட்களின் பத்திரிகையை வாசித்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை.

பட்டணத்தின் ஸ்ரீவராகம் பகுதியில் ஒரு அக்கிரகார வீட்டுக்கு செவ்வாய்க்கிழமைதோறும் போவேன். வீட்டுக்காரர் வஞ்சியூர் கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் குமஸ்தா. அவருடைய தங்கை, இருபத்திரண்டு வயதிருக்கும், திருநெல்வேலிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, இரண்டே வருஷத்தில் புருஷனை இழந்து அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். மன்னி, அதாவது அண்ணன் பெண்டாட்டி, குழந்தைகளுக்குச் சட்டை தைக்க ஆள் வேண்டுமென்று என்னை உள்ளே விட்டார். உள்ளே என்றால் கொல்லைப்புறம். கிணற்றுக்கு இப்பால் ஒரு கல்லில் நான் உட்காருவேன். தங்கை படியில் உட்காருவாள். முதல் வாரம் வாசல் தாண்டிய பிறகு குடையை எடுக்கத் திரும்பிப் போனேன். நான் உட்கார்ந்த கல்லில் அவள் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் செம்போடு அப்படியே நின்றுவிட்டாள்.

அடுத்த செவ்வாய் நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே ஊசி கோத்தேன், நின்றுகொண்டே சொல்லிக்கொடுத்தேன்.

"உக்காரப்படாதோ டீச்சர்?" என்றாள்.

"உங்களுக்குக் கழுவுற வேலை மிச்சம்."

அவள் முகம் சிவந்துவிட்டது. அதற்கு அடுத்த வாரம் கல்லின் மேல் ஒரு மடித்த சாக்கு கிடந்தது. உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். புறப்படும்போது மன்னி உள்ளேயிருந்து, "அலம்பியாச்சா?" என்று கேட்டார். "ஆச்சு மன்னி" என்றாள் அவள், கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல். அன்றிலிருந்து அவள் எனக்குச் சொந்தம் மாதிரி ஆகிவிட்டாள்.

அவளுக்கு வேண்டியது சட்டை தைப்பதல்ல. சர்க்கார் தையல் பரீட்சை என்று ஒன்று அப்போது உண்டு. அதில் தேறினால் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர் வேலைக்குப் போகலாம். பெரிய படிப்பு தேவையில்லை. தெருக்கோடி வீட்டில் யாரோ பேசியதைக் கேட்டு அதை மனதில் வைத்திருந்தாள். ஹெம்மிங், இரட்டைத் தையல், சுருக்கம், ஒட்டுப்போடுதல், கிழிசல் இழையோட்டம், பட்டன் துளை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வெள்ளைத் துணியில் மாதிரி தைத்துக் கொடுக்கவேண்டும். அவள் பட்டன் துளையைப் பத்து முறை பிரித்துப் பத்து முறை தைப்பாள். நான் போதும் என்றாலும் விடமாட்டாள்.

தையல் முடிந்ததும் நான் வேதம் வாசிப்பேன். அதுதான் ஏற்பாடு. அவள் கதைகளை ஆசையாகக் கேட்பாள், ஆனால் அவள் கேட்கும் கேள்விகள் எந்தப் பிரசங்கத்திலும் வராதவை. அறுத்த வயலில் மிச்சக் கதிர் பொறுக்கப் போன விதவையின் கதையை வாசித்தபோது, "அவளுக்குத் தையல் தெரிஞ்சிருந்தா வெயில்ல போயிருக்க வேண்டாமே" என்றாள். ஒரு நாள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு நேராகவே சொன்னாள்.

"டீச்சர், உங்க சுவாமிகிட்ட எனக்கு ஒரு விரோதமும் இல்லை. ஆனா நான் எங்கயும் மாறப்போறதில்லை. எனக்குப் பரீட்சை பாஸாகணும். இது உங்களுக்குச் சம்மதமா?"

"எனக்குச் சம்மதந்தான்."

"உங்க மிஸ்ஸியம்மாவுக்கு?"

"அவங்ககிட்ட நான் கேக்கல்ல."

உண்மையில் மிஸ்ஸியம்மா தினமும் என்னிடம் கேட்பார். எந்த வீட்டில் என்ன வாசித்தாய், யார் எப்படிக் கேட்டார்கள் என்று. ஸ்ரீவராகத்துப் பெண் கதைகளை ஆசையாகக் கேட்கிறாள் என்று சொன்னேன். மாறப்போவதில்லை என்று அவள் சொன்னதையும் சொன்னேன். முதலில் சொன்னது மட்டும்தான் அவர் காதில் விழுந்தது.

எங்கள் ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. புதன்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஜெபக்குறிப்பு கொடுப்பார்கள். இன்னாருக்குச் சுகமில்லை, இன்னார் மகன் குடிக்கிறான், இன்னார் வீட்டில் சம்பந்தம் தட்டிப்போகிறது, அதற்காக ஜெபியுங்கள் என்று. வம்பு பேசுவது பாவம் என்று எங்களுக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஜெபக்குறிப்பு சொல்வது பாவமல்ல. தெரு, வீடு, நோயின் விவரம் எல்லாம் சொன்னால்தான் ஜெபம் சரியாகப் போய்ச் சேரும் என்பதுபோல விவரமாகச் சொல்வார்கள். கூட்டம் முடிந்து வீட்டுக்குப் போகும்போது ஊர் சமாச்சாரம் அத்தனையும் எல்லாருக்கும் தெரிந்திருக்கும், யார் மனதிலும் குற்ற உணர்ச்சி இருக்காது. மிஸ்ஸியம்மாவும் எங்களிடமிருந்துதான் இதைக் கற்றார். நன்றாகவே கற்றார்.

ஒரு புதன்கிழமை அவர் கண்ணை மூடி, தமக்கே உரிய தமிழில், ஸ்ரீவராகத்தில் வக்கீல் குமஸ்தாவின் வீட்டில் சிறைப்பட்டிருக்கும் இளம் விதவை உமது சத்தத்தைக் கேட்டு உமது மந்தையில் சேரும்படி வாஞ்சிக்கிறாள், அவளுடைய கட்டுகளை அறுத்தருளும் என்று ஜெபித்தார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எனக்கு எதிரே வஞ்சியூர் கோர்ட்டுப் பியூனின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அவள் கெட்டவள் அல்ல. அந்தப் பெண்ணுக்காகக் கண்ணீரோடு ஜெபித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொன்னாள்.

அடுத்த செவ்வாய் கொல்லைக் கதவு தாழிட்டிருந்தது. தட்டினேன். மன்னி கதவை ஒரு சாண் திறந்து, இனி வரவேண்டாம் என்று மட்டும் சொன்னார். கோபப்படவில்லை. பயந்திருந்தார் என்று தோன்றியது. கதவு மூடும்போது உள்ளே படியில் வெள்ளைத் துணித் துண்டுகள் கிடந்ததைப் பார்த்தேன். அந்தப் பெண் தெரியவில்லை. பாத்திரம் தேய்க்க வரும் கிழவியிடம் தெருமுனையில் நின்று கேட்டேன். தங்கையைத் திருநெல்வேலிக்கு, மாமியார் வீட்டுக்கே அனுப்பப்போகிறார்களாம். பரீட்சைக்கு மனு போட இன்னும் மூன்று வாரம் இருந்தது. மனுவில் அண்ணன் கையெழுத்து வேண்டும்.

வீட்டுக்கு வந்து மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். அவர் கண் கலங்கிற்று. ஆனால் அவர் அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். விசுவாசத்துக்காக ஒருத்தி உபத்திரவப்படுகிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் சீமையிலிருந்து விருந்தாளி வரும் செய்தியும் வந்தது. மிஷன் தலைமையிடத்திலிருந்து ஒரு அம்மையார். வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிக்கொண்டிருந்த காலம். பட்டணத்தில் பெண்கள் ஊழியத்தைத் தொடர்ந்து நடத்தவேண்டுமா, மூடிவிடலாமா என்று பார்க்கவே அவர் வருகிறார் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். மூடினால் மிஸ்ஸியம்மா போக வேண்டியதுதான். இருபது வருஷமாக இருந்தவர், அங்கே அவருக்கு வீடென்று ஒன்று கிடையாது. பைபிள் உமன் ஒவ்வொருத்தியும் கூட்டத்தில் எழுந்து தன் ஊழியத்தில் ஒரு வீட்டைப் பற்றிச் சாட்சி சொல்லவேண்டும். நான் ஸ்ரீவராகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று அவர் தீர்மானித்துவிட்டார்.

நான் மறுநாள் செய்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. மத்தியானம் வஞ்சியூர் கோர்ட்டு வாசலில், அத்தனை ஆண்களுக்கு நடுவே, ஒரு மரத்தடியில் போய் நின்றேன். குமஸ்தா கட்டுக்கட்டாகக் காகிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். என் அம்மா காலத்தில் இப்படி ஒருவரைப் பார்த்தால் தூர ஒதுங்கி நின்று சாமி என்று கூப்பிட்டிருப்பார்கள். எனக்கும் அதுதான் வாயில் வந்தது. விழுங்கிக்கொண்டு, "சார்" என்றேன்.

நின்றார். நான் யாரென்று சொன்னேன்.

"ஓ, நீதானா அது? கோர்ட்ல என்னைப் பாத்து என்ன கேக்கறா தெரியுமா? 'தங்கைக்கு வெள்ளைக்கார சாயிப்பு மாப்பிள்ளை பாத்தாச்சோ, கல்யாணத்துக்கு கேக் உண்டோ'ன்னு கேக்கறான் ஒருத்தன். நான் தலை தூக்கி நடக்க வேண்டாமா?"

"உங்க தங்கச்சி அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்ல, சார். மிஸ்ஸியம்மா ஜெபத்துல சொல்லிட்டாங்க."

"ஜெபத்துல பொய் சொல்லுவாளா உங்க துரைசாணி?"

"சாமிகிட்ட நம்ம ஆசையைத்தானே சார் சொல்லுவோம். நடந்ததையா சொல்லுவோம்?"

அவருக்குச் சிரிப்பு வந்ததோ என்னவோ, மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, அடுத்த வாரம் உங்கள் வெள்ளைக்காரக் கூட்டம் நடக்கப்போகிறதாமே, எனக்கு எல்லாம் தெரியும் என்றார். அங்கே தம் வீட்டைப் பற்றி ஒரு பேச்சும் வரக்கூடாது. பியூன் கூட்டத்துக்கு வருவான், மறுநாள் அவன் வாயாலேயே தமக்குச் சமாச்சாரம் வந்துவிடும். "ஒரு வார்த்தை வந்தாலும் சரி, அவளை வண்டி ஏத்திடுவேன். வரலேன்னா, அந்தப் பரீட்சைக் காகிதத்தில கையெழுத்துப் போடறேன். இதைவிட நான் என்ன பண்ண முடியும்?" என்றார். கொடுமைக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஊர் வாய்க்குப் பயந்த மனுஷர்.

அன்று மாலையே மிஸ்ஸியம்மாவிடம் அதையும் சொன்னேன். மறைக்கவில்லை. கர்த்தருடைய கிரியைக்கு ஒரு குமஸ்தா நிபந்தனை போடுவதா என்று கேட்டார். தெருவின் பேரைச் சொல்லாமல், ஒரு சகோதரி என்று மட்டும் சொல் என்றார். பியூனுக்கு அது போதும் என்றேன். ஜெபித்துவிட்டு முடிவு செய் என்றார். ஜெபித்தேன். சொல்லாதே என்றுதான் எனக்கு உத்தரவு வந்தது. அவருக்கு வேறு உத்தரவு வந்ததாகச் சொன்னார்.

கூட்டம் எங்கள் மிஷன் ஹாலில். ஹால் எங்களுக்கு ஐந்து மணி வரைதான். அதற்குப் பிறகு மலையாளச் சபையாரின் பாட்டுப் பயிற்சி. விருந்தாளி அம்மையார் நரைத்த தலையும் ரோஜா மாலையுமாக மேடையில் உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு எல்லாரையும் பார்த்துப் புன்னகைத்தார். போதகர் மொழிபெயர்த்தார். எனக்கு முன்னால் இரண்டு பேர் நன்றாகவே சாட்சி சொன்னார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் பியூன் உட்கார்ந்திருந்தார்.

"சொல், மகளே" என்றார் மிஸ்ஸியம்மா.

நான் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன். என்னைத் தெரிந்தவர்கள் இரக்கத்தோடு பார்த்தார்கள். நின்றுவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் எழுந்து என் பக்கத்தில் வருவார் என்று நினைக்கவில்லை. என் தோளில் கை வைத்து, சபையைப் பார்த்து, "நம்முடைய சகோதரி கூச்சமுள்ளவள். ஆகையால் அவளுக்குப் பதிலாக நான் சொல்லுகிறேன். இந்தப் பட்டணத்திலே ஒரு வீட்டில்" என்று தொடங்கினார்.

நான் ஒரு கீர்த்தனையின் பல்லவியை எடுத்தேன்.

என் குரல் அவ்வளவு உயரும் என்று எனக்கே தெரியாது. எங்கள் சபையில் கீர்த்தனையை யாராவது தொடங்கிவிட்டால் கூடப் பாடாமல் இருக்கமுடியாது. முன்வரிசையில் இருந்த கிழவி ஜால்ராவை எடுத்துவிட்டாள். ஆர்மோனியம் என் சுருதியைத் தேடிப் பிடித்தது. அனுபல்லவிக்குள் ஹால் முழுதும் பாடிற்று. பாட்டுக்குக் குறுக்கே பேசுவது எங்களில் இல்லாத வழக்கம். அது ஆண்டவரைப் பாடும் பாட்டு, மிஸ்ஸியம்மாவானாலும் நிறுத்தமுடியாது. அவர் வாய் திறந்தபடி நின்றார். பிறகு அவரும் பாடினார். பாடாமல் என்ன செய்வார்?

எந்தக் கீர்த்தனையிலும் நாங்கள் மூன்று சரணம் பாடி நிறுத்துவதுதான் வழக்கம். மூன்றாவது முடிந்ததும் ஆர்மோனியம் இழுத்து அடங்கப் பார்த்தது. போதகர் தொண்டையைச் செருமினார். நான் நாலாவதை எடுத்தேன். அந்தக் கீர்த்தனையில் பதினொரு சரணம். அதனால்தான் அதை எடுத்தேன். ஐந்தாவதில் பலர் புத்தகத்தைத் தேடினார்கள். ஏழாவதைக் கிழவிகளும் நானும் மட்டும் பாடினோம். எட்டாவதில், பியூன் புத்தகம் கிடைத்து உரக்கப் பாட ஆரம்பித்தார். ஒவ்வொரு சரணம் முடியும்போதும் மிஸ்ஸியம்மாவின் கை என் தோளில் இறுகும். மூச்சு வாங்காமல் அடுத்ததைப் பிடிப்பேன். மலையாளச் சபையார் வாசலில் பாட்டுப் புத்தகங்களோடு வந்து நின்று எட்டிப் பார்த்தார்கள். விருந்தாளி அம்மையார் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். பதினோராவது முடிந்தபோது மணி ஐந்து தாண்டியிருந்தது. போதகர் அவசரமாக ஆசீர்வாதம் சொன்னார்.

அம்மையார் இறங்கி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். கூட்டத்திலேயே இதுதான் தமக்கு மிகவும் பிடித்தது என்று போதகர் தமிழில் சொன்னார். அப்போது மிஸ்ஸியம்மா ஆங்கிலத்தில் சொன்னது, பழகிய குரல் ஆனதால், எனக்கு விளங்கிற்று. இவள் ரொம்பவும் கூச்சக்காரி, பேசப் பயந்து பாடிவிட்டாள் என்றார். அங்கே பிறந்ததுதான் அந்தக் கதை. அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அதில் என் வேலை போகாமல் தப்பிற்று. அவருக்கும் அவமானமில்லை.

வீட்டில் தேநீர் ஆறிக்கிடந்தது.

"நீ பயந்தாயா?" என்றார்.

"இல்ல, மிஸ்ஸியம்மா."

"அப்படியானால் ஏன்?"

"நீங்க சொல்லிரக்கூடாதுன்னு."

அவர் உட்கார்ந்தார். "நான் அவளை நேசிக்கிறேன். அவளுக்காக எத்தனை நாள் முழங்காலில் நின்றேன் என்று உனக்குத் தெரியும்."

"தெரியும். ஆனா அவ நம்ம மந்தையில உள்ளவ இல்ல. தையல் டீச்சர் ஆகப்போறவ. நான் போணும்னா போயிருதேன், எனக்கு ஊர் இருக்கு. அந்தப் பிள்ளைக்க காரியத்தை இனி எந்தக் கூட்டத்திலயும் சொல்ல விடமாட்டேன். ஜெபத்திலயும்."

என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவர் பத்திரிகையை எடுத்து வாசித்தார். அது முடிந்ததும், அன்றைக்கு மட்டும், அடுத்த தேதிப் பத்திரிகையையும் பிரித்துவிட்டார்.

என்னைப் போகச் சொல்லவில்லை. நான் செய்தது சரி என்றும் கடைசிவரை சொல்லவில்லை. ஆனால் அடுத்த புதன்கிழமை ஜெபத்தில், "கர்த்தாவே, உமக்குத் தெரிந்த ஒருத்திக்காக" என்று தொடங்கி, அத்தோடு நிறுத்திக்கொண்டார். விவரம் வரும் என்று பெண்கள் காத்திருந்தார்கள். பியூனின் மனைவி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஆமென் என்று நானே முடித்துவைத்தேன்.

குமஸ்தா வார்த்தை தவறவில்லை. கொல்லைக் கதவு திறந்தது. வேதமும் ஜெபமும் வேண்டாம், ஊசியும் நூலும் மட்டும் போதும் என்றார். சரி என்றேன். மிஸ்ஸியம்மாவிடம் சொன்னபோது, "போ, காலந்தாழ்த்தாதே" என்றார். அவள் பரீட்சையில் தேறினாள். வித்துராவில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. புறப்பட்ட அன்றைக்கு பஸ் நிற்குமிடத்துக்கு அண்ணனும் மன்னியும் வந்திருந்தார்கள். தெருக்காரர் இரண்டு பேரும் வழியனுப்பும் சாக்கில் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். நானும் நெடுமங்காடு வரை அதே பஸ்ஸில் ஒரு வேலையாகப் போகவேண்டியிருந்தது, பின்னால் நின்றேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் தட்டி, எல்லாரும் கேட்கும்படி, "டீச்சர், இங்கே உக்காருங்கோ" என்றாள். அண்ணன் வேறு பக்கம் பார்த்தார். நான் போய் உட்கார்ந்தேன், இடிபட்டுக்கொண்டு, தோளோடு தோளாக. அந்த சீட்டை யாரும் கழுவவில்லை.

பெண்கள் ஊழியம் பின்னும் மூன்று வருஷம் நடந்தது. அதன் பிறகு மூடினார்கள், மிஸ்ஸியம்மா கப்பலேறினார். மாகாணங்களைப் பிரித்தபோது என் ஊர் சென்னைப் பக்கம் போயிற்று. உறவுக்காரர்கள், இனி அங்கே உனக்கு என்ன வேலை, வந்துவிடு என்றார்கள். நான் போகவில்லை. பாண்டி என்று என்னைக் கூப்பிடும் ஊரில், பாண்டியாகவே, தையல் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

அவள் கடைசிவரை மாறவில்லை. இப்போதும் ஸ்ரீவராகத்துக்கு வந்தால் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் என் வீட்டுக்கு வருவாள். அத்தனை பாடுபட்டு ஒரு ஆத்துமாவையும் ஆதாயப்படுத்தவில்லையே என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அவர்கள் கணக்கு அவர்களோடு இருக்கட்டும். கதவுக்குப் பின்னால் அடைபட்டுப் போகவிருந்த ஒருத்தி முப்பது வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்குப் பட்டன் துளை போடச் சொல்லிக்கொடுக்கிறாள். நான் ஊழியம் செய்தேன் என்று அதை வைத்துத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். கேட்காமல் எழுதினால் நான் அன்றைக்குப் பாடியதற்கு அர்த்தமில்லை.

"எழுதுங்கோ டீச்சர். ஊர் பேரு, கோர்ட்டு, மன்னி, சாக்கு எல்லாத்தையும் எழுதுங்கோ. என் பேரை மட்டும் எழுத வேண்டாம். அது என்னோடது" என்றாள்.

எழுதிவிட்டேன். இனி ஐக்கியத்தில் யாராவது அந்தக் கதையைத் தொடங்கினால், நான் எழுந்து நிற்பேன். பாடமாட்டேன்.